படத்தில் மட்டும் தெரிந்த தேமல்

ஜமுனாமரத்தூர்
மாசி மாதம், 1962

சிரஞ்சீவி சக்கரவர்த்திக்கு அம்மா ராணியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுத வைக்கும் கடிதம். இங்கே எல்லாரும் சுகம், பம்பாயில் உன் உடம்பும் மில் வேலையும் ஒரு குறையில்லாமல் இருக்கச் சாமியை வேண்டிக்கொள்கிறேன். (அண்ணா, எல்லாரும் சுகம் என்பது அம்மா சொன்னது. அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் உன் தங்கை செந்தாமரையின் சொந்தச் சரக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு வசதி.) இந்தச் சங்கதியை வெளியாள் கையால் எழுத முடியாது, உன் அப்பாவோ பேனாவை எடுத்தால் கண் கலங்கிக் கீழே வைத்துவிடுகிறார், அதனால் யாரைப் பற்றிய கடிதமோ அவளையே உட்கார்த்தி எழுதச் சொல்கிறேன், பெற்றவள் நிலைமையைப் பார்.

அப்பாவின் படப் பைத்தியம் உனக்குத் தெரியும். உப்புக்கு ஆள் நிற்கும்போதே கடையைச் சாத்திவிட்டு, பனி இறங்குகிறது என்று பெட்டி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், சாமை கொட்டி வைக்கிற அறையை இருட்டாக்கி உள்ளேயே கிடப்பார், யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. (படம் எடுப்பது பாம்பும் அப்பாவும்தான். பாம்புக்காவது ஒரு புற்று உண்டு, அப்பாவுக்குச் சாமை அறைதான். எடுத்த படத்தைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவுவார், தின்ற தட்டைக் கழுவமாட்டார்.) பொங்கலுக்கு உனக்கு அனுப்பினாரே ஒரு படம், இவள் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு சிரிப்பாளே, அதில் இடது முழங்கைக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, நீ கவனித்தாயோ என்னவோ. தண்ணீர்க் கறை என்று நினைத்து மறுபடி பிரிண்ட் போட்டுப் பார்த்தார், போகவில்லை. வேறு பிலிம் வாங்கி வந்து வேறு இடத்தில் நிற்க வைத்து எடுத்தார், அதே இடத்தில் அதே திட்டு. கையை வெயிலில் நீட்டிப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, எங்கள் கண்ணுக்குப் படாதது அந்தப் பெட்டியின் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

அம்மை குத்த வந்த கம்பவுண்டர் மாதையன் படத்தைப் பார்த்தவர், இவளைக் கண்ணை மூடச் சொல்லி அந்த இடத்தில் ஊசியால் குத்திப் பாரும்மா என்றார். குத்தினேன். இன்னும் குத்தலியா, இன்னாத்துக்கு நேரம் ஓட்டுறே என்று இவள் கேட்டாள். போன மாதம்தான் பாம்பு கடித்துவிட்டது என்று பொய்யாகப் புரண்டு தெருவையே கூட்டியவள் இவள், அந்த நினைப்பில் இன்னாடி நடிக்கிறியா என்று ஓங்கி அறைந்துவிட்டேன். அப்புறம்தான் கையைப் பார்த்தேன், ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. (அறை நன்றாக வலித்தது அண்ணா. ஊசிதான் வலிக்கவில்லை. மாறி இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.)

பெருவியாதியின் ஆரம்பம், குஷ்டம் என்கிறார் மாதையன். இப்போது மாத்திரை வந்திருக்கிறதாம், வருஷக்கணக்கில் விடாமல் தின்றால் விரல் போகாதாம், படம் காட்டிக் கொடுத்ததால் சீக்கிரம் தெரிந்ததாம். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வைகாசியில் உனக்குக் கல்யாணம், செங்கத்துச் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும். அதுவரைக்கும் இவளை மேல்காட்டுக் குடிசையில் வைத்திருக்கலாம் என்றேன். என்றைக்கும் சத்தம் போடாத உன் அப்பா சத்தம் போட்டார், கல்யாணம் நின்னா வேற கல்யாணம், இந்தக் கை போனா எவன் வூட்ல போய் வாங்குறது என்றார். நாளைக்குப் புளி லாரியில் ஆலங்காயம் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். ஊசி குத்திய அன்றிலிருந்து கேமராப் பெட்டியைத் தொடுவதில்லை. (நான்தான் கெஞ்சுகிறேன். மாதா மாதம் கையைப் படம் எடுங்கப்பா, வளர்பிறையா தேய்பிறையா என்று பார்த்துவிடலாம் என்றேன். சிரிக்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.)

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தை யாருக்கும் காட்டாதே, இந்தக் கடிதத்தோடு சேர்த்து அடுப்பில் போட்டுவிடு, மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் அம்மா ராணியம்மாள் (கைநாட்டு)

(அண்ணா, தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், ஒரே வாரத்தில் மகாராணி ஆகிவிட்டேன். படத்தை எரிக்காதே, ஆஸ்பத்திரியில் கேட்டால் வேண்டும். கைநாட்டு கலைந்திருக்கும், மன்னித்துக்கொள். எப்போதும் அம்மாவின் கட்டைவிரலை நான்தான் பிடித்து மையில் தோய்த்து ஒத்துவேன். இன்றைக்கு, நீ வேணாம், தள்ளி உக்காரு என்று அவளே ஒத்திக்கொண்டாள்.)