முதல் மழைக்கு ஒழுகும்

1986 மார்ச் 4

இன்று ஒரு படகு வாங்கினேன். எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. தாராவி தொண்ணூறடி ரோட்டில் தார்ப்பாய் தைக்கிற ரஷீதா ஒரு பாய்மரப் படகுக்குச் சொந்தக்காரி.

படகைத் தேடிப் போகவில்லை. சிவ்ரி படகு யார்டில் நிற்கும் அந்தப் படகுக்கு வருஷா வருஷம் மழை உறை தைத்துக் கொடுப்பவளே நான்தான். சொந்தக்காரர் சோராப்ஜி, பார்சிக் கிழவர். மூன்று வருஷமாக அதைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. கிழிசல் பார்க்கப் போனவளிடம், "இந்த வருஷம் உறை வேண்டாம். நான் மகளோடு பூனா போகிறேன். படகை விறகுக்காரனுக்குச் சொல்லிவிட்டேன்" என்றார். "அந்த விலைக்கு எனக்குக் கொடுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. புத்தி கிங்ஸ் சர்க்கிளில் ரயிலை விட்டு இறங்கியபோதுதான் வந்து சேர்ந்தது.

பெயர் ஷிரீன். 1931-ல் கட்டியதாம், என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். தேக்குப் பலகை. நீளத்தில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் கோலியைவிடப் பெரியது. உள்ளே படுக்க இரண்டு பலகை, அடுப்பு வைக்க ஒரு மூலை, தலை இடிக்கிற கூரை. குடித்தனமே நடத்தலாம்.

இவரிடம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "சட்டிக்கு மூடி செய்யப் போனவ சட்டியையும் தூக்கிட்டு வந்துட்டியாக்கும்?"

மார்ச் 6

என் வீட்டுக்காரர் முகம்மது ஹனீப் சாகிபு இரண்டு நாள் யோசித்து இன்று தீர்ப்புச் சொன்னார். யார்டு மேஸ்திரி, முகாதம் பவாரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல்.

"தீபாவளி வரைக்கும் அங்கன நிக்கலாமாம். அதுக்குப் பொறவு அந்த எடத்துக்கு வேற படகு வருதாம். அதுக்குள்ள மிதந்தா ஒன் படகு. மிதக்கலன்னா கோடாலி. நீ ஒப்பாரி வைக்கப்படாது."

"மிதந்தா நீங்க ஏறுவீங்களா?"

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்லா. கேக்கா பாரு கேள்வி."

சரி என்றேன். எனக்கும் நீச்சல் தெரியாது என்பதை நினைவுபடுத்தவில்லை.

மார்ச் 19

ஏன் வாங்கினாய் என்று எல்லாரும் கேட்டாகிவிட்டது. என்னையே கேட்டுக்கொள்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லாரிக்கு, கடைக்கு, குடோனுக்கு, செத்த வீட்டுப் பந்தலுக்கு என்று தைக்கிறேன். எல்லாமே எதன் மேலோ போர்த்தி, இழுத்துக் கட்டி, அசையாமல் கிடப்பவை. காற்று வந்தால் என் துணிக்குப் பகை. காற்றோடு போகிற ஒன்றை ஒரு தடவையாவது தைக்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. இதைச் சொன்னால் தாராவியில் சிரிப்பார்கள், அதனால் "செகண்ட் ஹாண்டில் மலிவாக வந்தது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 8

மேல்தளத்துப் பழைய கேன்வாஸை உரித்தாயிற்று. கீழே பலகை நன்றாக இருக்கிறது, இரண்டே இடத்தில் உளுத்திருந்தது. புதுத் தேக்கு வைத்தோம். பித்தளைச் சாமான்களில் பச்சை ஏறிக் கிடக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பவார் பார்த்துவிட்டு, "பாபி, ஜஹாஜா, பர்த்தனா?" என்று, கப்பலா பாத்திரமா என்று கேட்டுச் சிரித்தான். அவனுக்கு இரும்புப் படகுதான் பழக்கம். மரத்தைப் பார்த்தால் தள்ளியே நிற்கிறான்.

மே 3

ஷ்யாமளா வந்தாள். மாட்டுங்காவில் பாங்க் உத்தியோகம், பால்கனிக்கு வெயில் மறைப்புத் தைக்க வந்து சிநேகிதமானவள். காலேஜில் பாய்மரப் படகுப் போட்டியில் கோப்பை வாங்கினவள் என்பது படகு வாங்கின பிறகுதான் எனக்குத் தெரியும். அல்லாஹ் ஆளையும் சேர்த்தே அனுப்புகிறான்.

நான் தைத்த பெரிய பாயைத் தரையில் விரித்துக் காட்டினேன். ஒரு சுருக்கம் கிடையாது. பெருமையாக நின்றேன். அவள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ரொம்ப அழகா தைச்சிருக்கேள். ஆனா இது பாய் இல்லை ரஷீதா, ஜன்னல் திரை. காத்து இதுல தங்காது. வழுக்கிண்டு போயிடும்."

கோபம் வந்தது. சோராப்ஜியின் பழைய மக்கிய பாயை எடுத்து விரித்தாள். எப்படி இழுத்தாலும் அது தரையில் படியவில்லை, நடுவில் தொந்தி. ஒவ்வொரு பட்டியின் ஓரத்தையும் லேசாக வளைத்து வெட்டித் தைத்திருக்கிறார்கள். ஜாக்கெட்டுக்கு டார்ட் பிடிக்கத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லையே! தார்ப்பாய்க்காரி புத்தி, எதைக் கண்டாலும் தட்டையாக இழுக்கும்.

எல்லாத் தையலையும் பிரித்தேன்.

மே 27

நோன்பு. மத்தியானத்துக்கு மேல் கை ஓடவில்லை. ஆனாலும் பாய்க்குத் தொந்தி வந்துவிட்டது. இவரே தூக்கிப் பார்த்து, "மாசமா இருக்காளோ?" என்றார்.

ஜூன் 6

பெருநாளுக்கு முன் ஷிரீனுக்கு உறை போட்டுவிட்டேன். இந்த வருஷம் சொந்தப் படகு, விடுவேனா? இரட்டைத் துணி, மெழுகு, ஓரமெல்லாம் கயிறு. கீழே தரைவரை இறக்கிக் கட்டினேன். ஒரு சொட்டு உள்ளே போனால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்.

கடையில் ஒரு லாரிக்காரர், புதுத் தார்ப்பாய் நேற்று மழையில் சொட்டியது என்று சண்டைக்கு வந்தார். வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பினேன். புதுக் கேன்வாஸ் முதல் மழைக்கு ஒழுகும், பயப்படாதீங்க. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

ஜூலை 20

மழை. தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. படகைப் பார்க்கப் போக முடியவில்லை.

ஆகஸ்ட் 19

கோளி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போடும் நாள். மீன்படகெல்லாம் இறங்குகிறது. நான் உறைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். உள்ளே எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது. பேரை மாற்ற வேண்டாம்.

அக்டோபர் 12

எல்லாம் தயார். அடிப்பாகத்துக்குச் சிவப்பு, மேலே வெள்ளை. பலகை இடுக்கில் பஞ்சு அடித்து, அதை மூட மக்குச் சாந்து பூசியாயிற்று. பௌர்ணமி, அமாவாசைக் கடலேற்றத்தில்தான் யார்டு சரிவு வரை தண்ணீர் ஏறும். பௌர்ணமி வெள்ளிக்கிழமை, ஏற்றம் மத்தியானம். ஜும்மா நேரம். "நீ எறக்கு, நான் தொழுதுட்டு வாரேன்" என்றார் இவர். பயம் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டேன்.

அக்டோபர் 17

ஒழுகிட்டு. எல்லாப் பக்கமும் ஒழுகிட்டு. ஒரு ஓட்டையா, ரெண்டா? பலகைக்குப் பலகை தண்ணி! இறங்கின கொஞ்ச நேரத்துல படுக்கைப் பலகை வரைக்கும் ஏறிட்டு. நான் வாளியால இறைக்கேன், ஷ்யாமளா சட்டியால இறைக்கா, சிரிக்கிறதுக்கு யார்டே கூடிட்டு. பவார்தான் வின்ச்சைப் போட்டுத் திரும்ப மேலே இழுத்தான்.

இவர் வந்தபோது ஷிரீன் சரிவில் சாய்ந்து கிடந்தாள், ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. தன் கைக்குட்டையைக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 18

கடைக்குப் போகவில்லை.

அக்டோபர் 20

அழுது தீர்ந்தது. இன்னும் ஒரு ஏற்றம் இருக்கிறது, தீபாவளி அமாவாசை. அதற்கடுத்த நாள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஷ்யாமளா காலேஜில் ஓட்டியது பைபர் படகு, அவளுக்கும் இதற்கு வழி தெரியவில்லை. பவார் ஒரு யோசனை சொன்னான்: மக்கைச் சுரண்டிவிட்டு இடுக்கெல்லாம் ரெசின் ஊற்றிவிட வேண்டும், கல்லாக இறுகிவிடும். எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஒழுகினால் அடை. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வேதம் அதுதான். இடது பக்கம் ஆரம்பித்துவிட்டேன். இடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய்க் காசு நுழைகிறது, அவ்வளவு அகலம்.

சித்திரையில் பார்த்தபோது இவ்வளவு இருந்ததா? ஞாபகமில்லை.

அக்டோபர் 23

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் கடையில் உட்கார்ந்திருந்தேன். நேற்று பெய்ததே கடைசி மழை, அதில் நனைந்த கோபத்தோடு வானமாமலை வந்தார். செம்பூரில் லாரி வைத்திருக்கிறார், நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"எக்கா, என்னத்தத் தச்சுக் குடுத்திய? புதுத் தாருப்பா, சல்லடையால்லா ஒழுகுது! தாரு வாங்கிப் பூசிரவா?"

"பூசாதீங்க வானமாமலை. கெட்டுப்போகும். புதுக் கேன்வாஸ் முதல் மழைக்கு ஒழுகத்தான் செய்யும். நூல் காஞ்சு கெடக்குல்லா? தண்ணி குடிச்சா உப்பும். உப்பினா கண்ணெல்லாம் தானா மூடிக்கிடும். நனைய விடுங்க, அடைக்காதீங்க..."

பாதிப் பேச்சில் எழுந்து நின்றுவிட்டேன். அடைக்காதீங்க. நனைய விடுங்க. யாரிடம் சொல்கிறேன்?

வானமாமலை பயந்துபோய், "எக்கா, ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

மூன்று வருஷம் கரையில் கிடந்த படகு. அதன் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் படாமல் மூன்று மழைக்காலமும் மூடி வைத்தவள் நான். இந்த வருஷம் இரட்டைத் துணி வேறு! தேக்கு காய்ந்து சுருங்கிவிட்டது. சுருங்கினதால் இடுக்கு. அந்த இடுக்கில் கல்லை ஊற்றினால், நாளைக்கு மரம் ஊறி உப்பும்போது எங்கே போகும்? விலாக் கட்டையை முறிக்கும். ஷிரீனை நானே கொன்றிருப்பேன்.

யார்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். கடையில் வானமாமலை பார்த்த மாதிரியே பவாரும் என்னைப் பார்த்தான்.

அக்டோபர் 24

இடது பக்கத்து ரெசினைச் சுரண்டுகிறோம். நான், ஷ்யாமளா, கேட்காமலே வந்த இவர். ஷ்யாமளா பாங்குக்கு லீவு போட்டுவிட்டாள். "ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றது? படகுக்கு வைத்தியம் பாக்கறேன்னா?" என்றாள். விரலெல்லாம் புண்.

அக்டோபர் 26

சுரண்டியாயிற்று. பஞ்சு திரும்ப வைத்து, மேலே பிசுபிசுவென்று மெழுகு கலந்த மக்கு மட்டும். மரம் உப்பினால் அது பிதுங்கி வழி விடும்.

சரி, எப்படி நனைப்பது? வாளியால் ஊற்றினால் வெயிலில் அரைமணியில் காய்கிறது. அப்போதுதான் மடித்து வைத்திருந்த அந்த உறை கண்ணில் பட்டது. என் இரட்டைத் துணி மகாராணி. படகின் அடியில் நுழைத்து, இரண்டு பக்கமும் மேலே தூக்கி, தொட்டில் மாதிரி கட்டினோம். பலகைக்கும் துணிக்கும் நடுவில் ஈரச் சாக்கு திணித்தோம். பவாரின் பம்பு கடல் தண்ணீரை ஊற்றுகிறது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை! தண்ணீரை வெளியே நிறுத்தத் தைத்தது, உள்ளே நிறுத்துகிறது. நல்ல தையல் எந்தப் பக்கம் திருப்பினாலும் நல்ல தையல்தான்.

அக்டோபர் 29

இடுக்கில் ஒரு ரூபாய்க் காசு நுழையவில்லை.

அக்டோபர் 31

பிளேடு கூட நுழையவில்லை. இவர் சாக்கை நனைத்துக்கொண்டே தனக்குள் ஏதோ பாடுகிறார். கேட்டால் நிறுத்திவிடுவார் என்று கேட்கவில்லை.

நவம்பர் 2

ஞாயிறு, அமாவாசை. காலையிலிருந்து பட்டாசு. மத்தியானம் ஏற்றம் சரிவைத் தொட்டது.

நான் உள்ளே உட்கார்ந்தேன். இவர் கரையில் நின்றார், கையில் வீட்டுச் சிவப்பு வாளி. ஷிரீன் இறங்கினாள். தண்ணீர் வந்தது. வரத்தான் செய்தது. அடிப்பலகைக்கு மேல் ஏறியதும், அதற்கு நாலு விரல் மேலே தையல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். கை இறைக்கப் பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். ஒழுகட்டும். குடிக்கட்டும்.

"கோட்டைத் தாண்டிட்டா?" என்று கரையிலிருந்து இவர் கத்தினார்.

"தாண்டலை."

கொஞ்சம் கழித்து, "இப்ப?"

"தாண்டலை!"

ஏற்றம் திரும்பி இறங்க ஆரம்பித்தது. கோடு கோடாகவே இருந்தது. பவார் தொப்பியைக் கழற்றி, "பாபி, ஜகா காலி ஹோ கயி" என்றான். ஆமாம், இடம் காலி. கோடாலிக்கு இல்லை.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி நடந்து வந்து, ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் ஏறுறீங்க?"

"இறைக்க ஆளு வேண்டாமாக்கும்."

நவம்பர் 16

பாய் ஏற்றினோம். ஷ்யாமளா சுக்கான் பிடித்தாள். முதலில் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. எனக்குப் பழகின சத்தம், கயிறு அறுந்த தார்ப்பாய்ச் சத்தம். எழுந்து இழுத்துக் கட்டப் போனேன். "விடுங்கோ!" என்றாள். விட்டேன். சத்தம் நின்றது. தொந்தி நிறைந்தது. ஷிரீன் சாய்ந்து ஓட ஆரம்பித்தாள், எஞ்சினும் இல்லை துடுப்பும் இல்லை, நான் தைத்தது மட்டும்.

இவர் முழங்காலுக்கு நடுவில் சிவப்பு வாளியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். உள்ளே இறைக்க ஒன்றும் இல்லை. திரும்பி வருகிற வழியில் ஒரு கோளிப் படகு எதிரே வந்தது. பேரம் பேசினார், தாராவி மார்க்கெட்டில் பேசுகிற மாதிரியே.

வாளி நிறைய வாவல் மீனோடு வீட்டுக்கு வந்தோம்.