உள்ளும் காட்டச் சொன்ன நடுவர்

நலம் பெருகுக! கடல் சூழ்ந்த ஆழ்துறை நாட்டின் காவலரும், முத்துக்குடையும் சுறாக்கொடியும் உடையவருமான பேரரசி ஒண்குழலியார் திருமுன்பு, செம்பரல் மலைநாட்டு வேந்தர் திண்தோள் வில்லனாரின் தலைமை அமைச்சன் நம்பன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் அடுக்களைகளில் தீ அணையாதிருப்பதாக.

இரு நாட்டுப் பகையும் தீர்ந்ததற்கு அடையாளமாக, வரும் முழுநிலா நாளில் தாங்கள் எம் மலைக்கு எழுந்தருளி உண்ண இசைந்தீர்கள். அவ்விருந்தைச் சமைக்கும் உரிமை யாருக்கு என்று தீர்க்கவே இறைச்சி வாட்டும் போட்டி வைத்தோம். பக்கச் சார்பு நேராதிருக்கத் தங்கள் அரண்மனை நடுவர் பூங்கொற்றியாரை அனுப்பித் தருமாறு வேண்டினோம். அவரோடு எம் குடிகளின் உயிரையும் தாங்கள் அனுப்பி வைத்தீர்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

எம் நாட்டு வழக்கம் தாங்கள் அறியாததாயிருக்கலாம். வாட்டிய இறைச்சியைக் கத்தி தீண்டுமுன் நடுவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பார்வைக்கென மதிப்பெண்ணாக வெண்சோழிகளை இடுவார்கள். சுவைக்கான சோழி அதன் பிறகே. ஆதலால் எம் சமையற்காரர்கள் நாவைவிடக் கண்ணுக்கே அஞ்சுவார்கள்.

அரண்மனைச் சமையலன் பதுமன் கொண்டுவந்த காட்டுப்பன்றி, முழங்கால் மடித்து உயிரோடு படுத்திருப்பதுபோல் இருந்தது. தோலில் ஒரு வெடிப்பில்லை. தேனும் மஞ்சளும் பூசி மின்னியது. வாயில் மாதுளை, சுற்றிலும் பச்சை மிளகுக் கொத்து. எம் வேந்தர் அழகென்றால் மயங்குபவர். வெற்றி மாலையைக் கையில் எடுத்தே விட்டார். அடுத்து வேட்டுவப் பெண் எயினி கொண்டுவந்ததோ, இலையில் கொட்டிய கரிக்குவியலாயிருந்தது. மேலே சாம்பல் வேறு. வேந்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்; மறைப்பானேன்.

அப்போது பூங்கொற்றியார் எழுந்து, காண்பது வழக்கமானால் உள்ளும் காண்பதே முறை என்றும், பன்றியைத் தொடையோரம் பிளந்து காட்டுக என்றும் பணிவோடு கேட்டுக்கொண்டார். பிளந்தார்கள். குருதிநீர் இலையை விட்டு வழிந்து வேந்தரின் காலடி வரை ஓடிவந்தது. தோல் வெடித்தால் சோழி குறையுமென்று அஞ்சி, பதுமன் வேகுமுன்பே தீயிலிருந்து இறக்கிவிட்டிருந்தான்.

விருந்தினர் இலையில் பச்சை இறைச்சி இடுவது தங்கள் நாட்டில் போருக்கு அழைப்பது என்பதை யாம் அறிவோம். சென்ற போரில் என் ஒரே மகனைப் பறிகொடுத்தவன் நான். அந்த இறைச்சி தங்கள் இலையில் விழுந்திருந்தால் என்று நினைத்த மாத்திரத்தில் அருகிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னர் நடுவர் எயினி வாட்டிய இறைச்சியைச் சாம்பல் தட்டி உண்டார், எமக்கும் தந்தார். எலும்பை விட்டுத் தானே கழன்றது. முகம் திருப்பிய வேந்தர் மறுபடியும் கேட்டு வாங்கி உண்டார். வெற்றி எயினிக்கே என்று தீர்ப்பளித்த நடுவர், அவளைக் கடிந்தும் கொண்டார்: இத்தனை பாடுபட்டு வாட்டியதை வேண்டாதவருக்கு எறிவதுபோல் கொட்டினால், உண்ண வந்தவர் தம்மை மதிக்கவில்லை என்றே எண்ணுவார் என்றார். அழுதுகொண்டிருந்த பதுமனை அழைத்து, அவள் வாட்டியதை இலையில் அடுக்கித் தருமாறு கேட்டார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்கினான். எயினி தன் சமையலையே அடையாளம் தெரியாதவளாய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகவே எம் வேந்தரின் ஆணை இது: விருந்தன்று எயினி வாட்டுவாள், பதுமன் இலையில் அடுக்குவான், தாங்கள் உண்டு முடிக்கும்வரை வேந்தர் மாலையைத் தொடமாட்டார். பூங்கொற்றியாருக்கு மலைத்தேனும் தந்தப்பிடிக் கத்தி ஒன்றும் இவ்வோலையோடு வருகின்றன. அவரையும் உடன் அழைத்து வந்தருள்க. மகன் விட்டுச் சென்ற பேரன் என் வீட்டில் வளர்கிறான். அவன் வில்லெடுக்க வேண்டியிராது. அதற்காக நடுவர் இருக்கும் திசை நோக்கித் தினமும் கைகூப்புகிறேன்.

செம்பரல் கோட்டையில் எழுதி, வேந்தரின் வேங்கைப்பூ முத்திரை பதித்தது. பட்டுநூலும் செவ்வரக்குமாய் ஓலையின் புறம் அழகாயிருப்பது கண்டு ஐயுற வேண்டாம். உள்ளிருக்கும் நன்றி நன்றாக வெந்தது.