ஒரே டாங்கிக்குத் தினமும் துரு

அன்புள்ள மகனுக்கு,

புரோக்கன் ஹில்லில் இன்னும் மழை இல்லை. உன் அம்மா நலம். மேசைப் போர் விளையாட்டுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்ட நாள் தவறாமல் உட்காருகிறாள். சிப்பாய்களுக்குக் கண் வைக்க இப்போது கை நிற்பதில்லை. அதனால் டாங்கிகளோடு நிறுத்திக்கொண்டோம்.

டாங்கிகள் என்று எழுதிவிட்டேன். ஒன்றுதான், நீ விட்டுப்போனது.

தினமும் காலையில் அதைக் கையில் எடுத்து, "என்ன இது, இப்பத்தான் கடையிலேர்ந்து வந்த மாதிரி பளபளங்குது? சண்டையையே பாக்காத டாங்கியா?" என்று சிரிக்கிறாள். பஞ்சில் பழுப்பு வண்ணத்தைத் தொட்டு ஓரமெல்லாம் ஒற்றித் துரு ஏற்றுகிறாள். சக்கரத்தில் நம் கொல்லைச் செம்மண்ணை அப்புகிறாள். துருவில் அவளை மிஞ்ச இன்றும் ஆள் இல்லை. மதியம் அவள் கண்ணயர்ந்ததும் நான் மறுபடி பச்சை அடித்து அதைப் புதிதாக்கிவிடுகிறேன். மறுநாள் காலையில் அவளுக்கு வேலை வேண்டுமே.

பூச்சின்மேல் பூச்சு ஏறி, டாங்கியின் ஆணித்தலைகள் மூழ்கிக்கொண்டே வருகின்றன. சின்ன வயதில் நீ எண்ணி எண்ணிப் பார்ப்பாயே, அவைதான். முன்பக்கத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தெரிகின்றன.

நமக்குள் நடந்த பழைய சண்டையைக் கிளற இதை எழுதவில்லை. இன்று காலை, "இது யாரோடது?" என்று முதல்முறையாகக் கேட்டாள். மகனுடையது என்றேன்.

"உங்க பையனா? ஒரு கீறல்கூட இல்லாம வச்சிருக்கானே! நான் அழுக்காக்கினா கோச்சுக்குவானோ என்னவோ. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

உன் அப்பா