முத்துவேல் வாசலில் செயின் கழன்ற புல்டோசர்

செப்டம்பர் 2, திங்கள்

மஹய்யாவயில் தூறல், குண்டசாலையில் வெயில். குடை வீண்.

ரோட்டு வேலைக் கொந்தராத்துக்காரர் முத்துவேலிடமிருந்து அழைப்பு. அவருடைய கிழட்டு புல்டோசர், அவருடைய புது வீட்டு வாசலிலேயே செயின் கழன்று குறுக்கே படுத்துவிட்டதாம். வியாழன் குடிபுகுதல். பிள்ளையாரே, உமக்கும் என் மேல் பிரியம் உண்டு.

மச்சினி கல்யாணப் பந்தியில், இலையில் பருப்பு ஊற்றிய பிறகு என்னை எழுப்பிவிட்டவர் இந்த மு.வே. "கிரீஸ் கைக்காரங்களுக்குக் கடைசிப் பந்திப்பா." ஊரே பார்த்தது. நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிகிறது.

இயந்திரத்துக்கு அடியில் புகுந்தேன். தொப்பை மட்டும் வெளியே. உருளை இரண்டு தேய்வு. செயின் முடிந்த கதை. அதை இழுக்கும் சக்கரத்தின் பற்கள் கிளி மூக்கு மாதிரி கூர். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் பல் செயினைத் தின்னும். சரிவில் துள்ளிக் கழன்றும் போகும். சொன்னேன்.

"பல்லு நல்லாத்தானே இருக்கு? செயின மட்டும் மாத்து. ஒனக்கு வேல தேடுறியா?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

தின்னட்டும். மாதம் திரும்புமுன் மறுபடி என்னைத் தேடி வருவார். அந்தச் சந்தோஷத்தில் ராத்திரி சோறு இரண்டு தட்டு.

செப்டம்பர் 3, செவ்வாய்

முதுகு வலி. இரண்டு பக்கச் செயினும் கழற்றியாயிற்று. இனி இதைப் பெரஹரா யானையாலும் நகர்த்த முடியாது.

புல்டோசர் ஓட்டும் நிஸ்தார் நானா பிளேன்டீ தந்தார். வாய் நிறைய வெற்றிலை.

"முடிஞ்சதும் இத ஹுன்னஸ்கிரிய பக்கம் கொண்டுபோகச் சொல்லி ஈக்கிது, தம்பி. தோட்டத்து ரோட்டு. ஒரு பக்கம் மலை, மத்தப் பக்கம் ஒண்டுமில்ல."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். கழன்றால் உருளப்போவது மு.வே. இல்லை.

"லீவு போட முடியாதா நானா?"

"லீவா? ஊட்டுல கலியாணத்துக்கு மூணு கொமர் ஈக்கிது."

சே. பழிவாங்கக்கூடக் கொடுப்பினை வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

புதுச் செயின் லொறியில் வந்தது. போடவில்லை. பல் மாற்றாமல் செயின் ஏறாது என்று மு.வே.யிடம் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு விசேசம்டா! வாசல அடைச்சிக்கிட்டு நிக்குது!"

"நிக்கட்டுங்க. நல்ல காவல்."

வேறு ஆள் பிடித்தார். வந்தவன் குனிந்து பல்லைப் பார்த்தான், நானாவைப் பார்த்தான், வந்த த்ரீவீலிலேயே ஏறிப் போய்விட்டான். அவனுக்கு டீயோடு கடிக்க ஒரு ரோல்ஸ் வாங்கித் தர வேண்டும்.

நியாயமும் வஞ்சமும் ஒரே பக்கம் நிற்பது எனக்கு இதுதான் முதல் தடவை. மனைவி: "என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?"

செப்டம்பர் 5, வியாழன்

வெயில். அழைப்பில்லை. இருந்தும் போய், வாசலில் என் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். வந்தவர்கள் கேட் தூணுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்தார்கள். பட்டுச் சேலைகளில் கறுப்புக் கோடு. ஒரு அம்மா: "இத யாரு இங்க கொண்டாந்து வச்சான்? மூதேவி!"

பிறகு பசு. வீட்டுக்குள் முதலில் பசுதான் கால் வைக்க வேண்டும். அதன் வயிறோ என் வயிற்றுக்கு அண்ணன். இடுக்கில் நுழையவில்லை. ஐயர் வானத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப் போகுது."

மு.வே. வந்தார். பட்டு வேட்டி, வியர்வை. "என்னடா செய்யணும்? சொல்லு."

"பல்லு."

"மாத்து. எல்லாத்தையும் மாத்தித் தொலை. இப்ப பசு?"

"புல்டோசர் அசையாதுங்க. மதிலத்தான் அசைக்கலாம்."

புது மதில். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அதைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

சம்மட்டி என்னுடையது. முதல் அடியும்.