வளைவுத் தண்டவாளம் வேணும்

அண்ணா,

மெசேஜ் அனுப்பினா நீ திறந்தே பாக்க மாட்டேங்கிற. அதான் பேப்பர்ல எழுதுறேன். தண்டவாளத்துல ஓடுற என் ரயில் பீரங்கி மாடல் முடிஞ்சிடுச்சு! பழைய போர்க்காலப் படங்களைப் பெரிசாக்கிப் பார்த்து, ஒவ்வொரு சக்கரமா அட்டையில வெட்டி ஒட்டினேன். கண்ணே போயிடுச்சு போ.

பெருமையா போட்டோ எடுத்து மாடல் செய்யறவங்க குரூப்ல போட்டா, ஒருத்தர் கமெண்ட் போடுறார்: "தங்கச்சி, உன் பீரங்கி ஆயுசுக்கும் ஒரே வீட்டைத்தான் சுடும்."

மானம் போச்சு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன். இந்த வகைப் பீரங்கியோட குழாய் மேலயும் கீழயும்தான் அசையும், பக்கவாட்டுல திரும்பாது. குறியை மாத்தணும்னா முழு வண்டியையும் வளைஞ்ச தண்டவாளத்துல முன்னாடியோ பின்னாடியோ தள்ளணுமாம். நான் நேர்த் தண்டவாளம் செஞ்சு, பசை போட்டு ஒட்டியே தொலைச்சிருக்கேன்!

சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து புலம்பிட்டிருந்தேன். பீரங்கி உன் நாற்காலியில இருந்துச்சு. அப்பா பேப்பரை இறக்காமலே கேட்டார்: "அவன் பொம்மை ரயிலுக்கு வளைவுத் தண்டவாளம் இருந்துச்சே?"

அவன்! நீ கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனதுக்கப்புறம் அவர் உன் பேச்சை எடுத்ததே இப்பதான். அம்மா கரண்டியும் கையுமா அப்படியே நின்னுட்டாங்க.

"அது அண்ணன்கிட்ட இருக்குப்பா. கூரியர்ல அனுப்பச் சொல்றேன்"னேன்.

"கூரியர்ல போட்டா உடைஞ்சிடும். கையோட எடுத்துட்டு வரச் சொல்லு."

அது இரும்பு அண்ணா. மாடியிலேர்ந்து நீ தூக்கிப் போட்டே உடையல.

நாற்காலியைக் காலி பண்ணிட்டேன். எடுத்துட்டு வா.

உன் வாலு