வெள்ளைக் கோடு

வைகாசி 13, புதன்

காலை ஆறு மணிக்கே வெயில். அம்மா பொய் சொல்லிவிட்டாள். திருச்செந்தூர் வரை நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அவள் சொன்னது பச்சைப் பொய். பாளையங்கோட்டை தாண்டியதும் பேச்சியக்காவிடம் அவளே சொல்லிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது.

"டாக்டர்ட்ட எவ கேட்டா? கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. அதான் கேக்கல."

பேச்சியக்கா எங்கள் தெரு. அம்மாவோடு பீடி சுற்றுகிறவள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனித் திரும்ப முடியாது, மாலை போட்டாயிற்று.

குழு: நாற்பத்தொரு பேர். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, எல்லோரும் வெறுங்கால். சாமான் ஏற்ற ஒரு வேன், அதன் நெற்றியில் ஒரு வேல். பக்கவாட்டில் ஃபிளெக்ஸ், முருகனைவிடப் பெரிதாகக் கவுன்சிலர் படம். விசாகத்துக்குள் கோயிலில் இருக்க வேண்டும். நடத்திக் கூட்டிப்போகிறவர் குருசாமி. வீட்டு வயரிங் வேலை பார்ப்பவர். பத்தொன்பது வருடமாக நடக்கிறார். (இனி கு.சா. முழுசாக எழுதப் பொறுமை இல்லை.)

விதிகள், கு.சா. மைக்கில் சொன்னபடி:
1. எல்லோரும் எல்லோரையும் 'சாமி' என்று கூப்பிட வேண்டும்.
2. செருப்பு கூடாது.
3. முடியாதவர் வேனில் ஏறலாம். ஏறினால் மாலையைக் கழற்றி வேலில் மாட்டிவிட வேண்டும். வேண்டுதல் அதோடு சரி.

மூன்றாவதைச் சொல்லும்போது எல்லோரும் வேன் நெற்றியிலிருந்த வேலைப் பார்த்தார்கள், யாரோ தூக்குக்கயிற்றைக் காட்டியதுபோல.

அம்மாவின் வேண்டுதல் நான். கங்கைகொண்டானில் நான் வேலை பார்க்கும் கம்பெனி என்னை நிரந்தரமாக்க வேண்டும். நாலு வருடமாக ஒப்பந்தம். மேனேஜரிடம் கேட்க வேண்டியதை முருகனிடம் கேட்கப் போகிறாள். முருகனுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை என்று சொன்னேன். வாயிலேயே போட்டாள்.

அவளுக்குச் சர்க்கரை, பதினோரு வருடம். போன மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் நரம்பால் உள்ளங்காலில் பத்து இடம் தொட்டார்கள். தொடும்போது சொல்ல வேண்டும். மூன்று தடவைதான் சொன்னாள். கண்ணைத் திறந்து, "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டாள். காலில் உணர்ச்சி போய்விட்டது, வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள் என்றார் டாக்டர். அந்தச் செருப்பு இப்போது என் பையில். அம்மாவுக்குத் தெரியாது.

மதியம் சாப்பாட்டுப் பந்தியில் டெய்லர் வேலை பார்க்கும் ஒரு சாமி அம்மாவிடம் ஊர் கேட்டாள். அப்புறம் தெரு கேட்டாள். அப்புறம் இலையை எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டாள். எல்லோரும் சாமி.

சாயங்காலம் செய்துங்கநல்லூர். ஒரு மண்டபத்தில் தங்கல். பின்னால் முள் உதிர்ந்து கிடக்கும் உடைமரக்காடு, பெண்கள் ஒதுங்க அதுதான் இடம். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன்: போன வெள்ளியோடு என் வேலை போய்விட்டது. என்னோடு பதினாறு பேர். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கம்பெனி பஸ்ஸுக்குப் போவதுபோல் கிளம்பிப் போய் ஜங்ஷனில் உட்கார்ந்திருந்தேன்.

பொய்க்காரிகள் இருவர். ஒருத்தி நடக்கிறாள், ஒருத்தி பின்னால் போகிறாள்.

வைகாசி 14, வியாழன்

மேகமே இல்லை. கருங்குளத்தில் பூஜை நீண்டுவிட்டது. பதினொன்றரைக்குத்தான் கிளப்பினார் கு.சா. பதினொன்றரைக்கு! தார் ரோடு.

ஓரத்தில் நடக்கலாம் என்றால் நெருஞ்சியும் உடைந்த பாட்டில் சில்லும். நடுவில் லாரி. கடைசியில் எல்லோரும் ரோட்டு ஓர வெள்ளைக் கோட்டில் ஏறிவிட்டார்கள். பெயின்ட் அடித்த இடம் சூடு குறைவு. நாலு விரல் அகலக் கோட்டில் முப்பது நாற்பது பேர், ஒருவர் பின் ஒருவராக, கம்பி மேல் நடக்கிறவர்களைப்போல. பேச்சியக்கா முன்னால் போனவரைத் தள்ளினாள்.

"வெரசா போரும் வே, எங்கால் வெந்து கூட்டு வைக்கதுக்கு ஆயிட்டு!"

"ஏட்டி, சாமின்னு சொல்லு" என்றார் அவர்.

"போரும் வே சாமி!"

அம்மா மட்டும் கோட்டில் இல்லை. தாரில் நடந்தாள். நிதானமாக, கடைக்குப் போகிறவள் மாதிரி. நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யலட்டி. நீ கோட்டுல வா."

கு.சா. இதைப் பார்த்துவிட்டார். நின்றார். அவருடைய கண் நிறைந்ததை நான் பார்த்தேன், நடிப்பில்லை. அதுதான் இன்னும் மோசம். மைக்கை எடுத்தார்.

"பாருங்க சாமிகளே! நாமெல்லாம் துள்ளுதோம். இந்தத் தாயி பூவுல நடக்க மாதிரி நடக்காவ. முருகன் தாங்குதான்!"

அரோகரா. நாற்பது தொண்டை.

"இது சர்க்கரை. நரம்பு செத்துப்போச்சு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மைக் அவர் கையில்.

அதற்குப் பிறகு நடந்தவை:
வேனிலிருந்து வேலை இறக்கி அம்மா கையில் கொடுத்தார்கள்.
அம்மாவை எல்லோருக்கும் முன்னால் விட்டார்கள்.
ஸ்ரீவைகுண்டம் விலக்கில் ஒருத்தி கைக்குழந்தையைத் துண்டில் கிடத்தி, தாண்டிப் போகச் சொன்னாள்.
நேற்று இலையைத் தூக்கிக்கொண்டு போன டெய்லர் சாமி, அம்மா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெரு மறந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் பீடி முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே கிடந்தவள். ரேஷன் கடையில்கூட யாரும் அவளை முன்னால் விட்டதில்லை. வேலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். இவ்வளவு உயரமா என் அம்மா?

ஆழ்வார்திருநகரியில் தங்கல். பையிலிருந்து செருப்பை எடுத்தேன். அம்மா பார்த்தாள்.

"உள்ள வை. யாராவது பாத்துரப் போறாவ."

"காலைக் காட்டு."

"நாளைக்கு."

வைகாசி 15, வெள்ளி

அனல் காற்று. தாமிரபரணி வாய்க்காலில் குளித்தோம். தண்ணீர் நன்றாக இருந்தது. எழுத வேறு நல்லது எதுவும் இல்லை.

தென்திருப்பேரை தாண்டி ஒரு பஸ் ஒதுக்கியதில் அம்மா வெள்ளைக் கோட்டுக்கு ஏறினாள். ஒரு ஐம்பதடி. நான் பின்னால். கோட்டில் ஓர் அடி விட்டு ஓர் அடி, பழுப்பாக ஒரு முத்திரை. முதலில் யாரோ வெற்றிலை துப்பியது என்று நினைத்தேன். பிறகு அது எங்களோடேயே வருவதைப் பார்த்தேன்.

தாரில் தெரிந்திருக்காது. எத்தனை மைலாக என்று யாருக்குத் தெரியும்.

மரத்தடியில் உட்கார வைத்தேன். இடது கால். உடைமுள், முனை முறிந்து உள்ளே. செய்துங்கநல்லூரில் ஏறியிருக்க வேண்டும். இரண்டு நாள் அதன் மேலேயே நடந்திருக்கிறாள். சுற்றிலும் கொப்புளம் உடைந்து தோல் வெள்ளைத் துணிபோல் தொங்கியது. வாடை. கு.சா. ஊக்கைத் தீயில் காட்டி முள்ளை எடுத்தார். ஒரு அங்குலம் இருக்கும். கூடவே சீழ். பார்த்துக்கொண்டிருந்த பேச்சியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா திருப்பவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கு.சா. ஊக்கைத் தூர எறிந்தார். பிறகு தாழ்ந்த குரலில்:

"சாமி, வேன்ல ஏறிருங்க. மாலையக் கழத்த வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

பத்தொன்பது வருட விதியை அவரே உடைத்தார். அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்தது.

அம்மா சொன்னாள்: "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான சாமி? முருகன் தாங்குதான்னு நேத்து நீங்கதான சொன்னீய?"

மைக் வேன் சீட்டில் கிடந்தது. சுற்றி நின்றவர்களில் யாரோ அரோகரா என்றார்கள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கு.சா. கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். கூட்டம் விலகியதும் சொன்னேன்.

"எம்மா, வேலை போயிட்டு. போன வெள்ளிக்கிழமையே. நீ நடக்கதுக்கு அர்த்தமே இல்ல. ஏறு வண்டியில."

மஞ்சள் துணியைக் காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"திங்கக்கிழம உன் சோத்து டப்பாவத் திறந்தேன். மேல ரெண்டு வாய் அள்ளியிருக்கு. பாக்கி அப்படியே கெடக்கு. கம்பெனில உக்காந்து தின்னா நீ வழிச்சுல்லா தின்னுவ." முடிச்சுப் போட்டாள். "அதான் நடக்கேன். கையில இருக்க வேலைக்குன்னா கூட பஸ்ஸுல போயிருப்பேன்."

எழுந்து, கையை நீட்டி வேலைக் கேட்டாள். கொடுத்தார்கள்.

குரும்பூர் வருவதற்கு முன், சர்ச் வாசலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் அம்மாவின் கால் துணியில் ரத்தம் ஊறியதைப் பார்த்துவிட்டார். "என்னம்மா பிள்ள நீ, பாத்துக்கிட்டு வாற?" என்று என்னைத்தான் திட்டினார். தன் செருப்பைக் கழற்றி அம்மா முன் வைத்தார். அம்மா மோரைக் குடித்தாள், தம்ளரைக் கழுவிக் கொடுத்தாள், செருப்பைத் தாண்டிப் போனாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், டீச்சர். வேறென்ன செய்கிறேன்?

வைகாசி 16, சனி. விசாகம்

கடல் காற்று. எட்டு மணிக்கு வந்து சேர்ந்தோம். கூட்டத்தில் மண் தெரியவில்லை.

அம்மா உடம்பு கொதிக்கிறது. கணுக்கால் வீங்கி, செங்கோடு ஒன்று கெண்டைக்காலுக்கு ஏறியிருக்கிறது. காலையில் பேனாவால் அதன் நுனியில் புள்ளி வைத்தேன். பத்து மணிக்குக் கோடு புள்ளியைத் தாண்டிவிட்டது.

முதலுதவிப் பந்தல். நர்ஸ் துணியை அவிழ்த்தவுடன் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இப்பவே கொண்டு போகணும். ஆம்புலன்ஸ் சொல்லுதேன். கோயிலுக்கு அப்புறம் வரலாம்." தனியாக என்னிடம்: "நாளைக்குன்னா எடுக்க வேண்டியது விரல் இல்ல, பாதம். புரியுதா?"

புரிகிறது.

ஆம்புலன்ஸ் கூட்டத்தைப் பிளந்து வரக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வந்து நின்றபோது பெஞ்சில் அம்மா இல்லை. பேச்சியக்கா கடலைக் கைகாட்டினாள். "ஒரு முங்கு முங்கிட்டு வந்துருதேன்னா. நான் பிடிச்சேன், கேக்கல."

கு.சா. எனக்கு முன்னால் ஓடினார். அலையில் நின்று கெஞ்சினார். "தாயி, நான் சொன்னது தப்பு. தப்புன்னு சொல்லுதேன். வாங்க." அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள், அவ்வளவுதான். இடுப்பளவுத் தண்ணீர். பச்சைச் சேலை மிதந்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் அவள் நின்ற இடத்துத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள்.

அவளைக் கரைக்கு இழுத்து ஈர மணலில் உட்கார வைத்தேன். புண் வாய் திறந்து கிடந்தது. உப்புத் தண்ணீர், மணல், எல்லாம் உள்ளே.

"எரியுதா?"

"குளுகுளுன்னு இருக்கு."

என் கட்டை விரலை அந்தப் புண்ணில் வைத்து அழுத்தினேன். நான்தான் செய்தேன். பலமாக. அவள் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பியிருந்தாள், கை அசையவில்லை. பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வலிக்குதுன்னு சொல்லு" என்றேன். "எம்மா, ஒரே ஒரு தடவ. வலிக்குதுன்னு சொல்லு."