ரங் என்றால் ஏன்

மார்ச் 4

இன்றும் அதே கூத்து. பல் சுத்தம் செய்ய வந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதறிப்போய், "ரங்?" என்றேன். வடக்கே, எங்கள் வின் நகரப் பக்கத்தில் அதற்கு 'ஏன்' என்று பொருள். இந்தச் சைகோனில் 'பல்'. அவர் முப்பத்திரண்டையும் காட்டிவிட்டார்!

பல் டாக்டர் துவான் தனியே கூப்பிட்டார். "இங்க பாரு மியென், வரவேற்பு மேசையில இருக்கணும்னா சைகோன்காரி மாதிரி பேசப் பழகு. வேலை நிரந்தரமா இல்லையான்னு மாசக் கடைசியில சொல்றேன்."

எனக்கு இந்த வேலை வேண்டும். பழகிக்கொள்கிறேன்.

மார்ச் 9

நூடுல்ஸ் கடை அக்கா, "நீ மேகாங் பக்கத்துப் பொண்ணா?" என்றாள். என்னைத் தெற்கத்திக்காரி என்றே நம்பிவிட்டாள்! மகிழ்ச்சியில் இன்னொரு கிண்ணம் வாங்கித் தின்றேன்.

மார்ச் 15

என் கைபேசி அணைந்திருந்ததால் அம்மா மருத்துவமனை எண்ணுக்கே கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன், புதுப்பேச்சில்.

"எங்க மியென் இருக்காளாம்மா?"

"அம்மா, நான்தான்."

"விளையாடாதம்மா. எம்பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கூப்பிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

என்ன செய்ய? போனை அணைக்காமல் மேசைமேல் வைத்தேன். மூச்சு விட்டேன். மறுபடி எடுத்து, ஊர்ப்பேச்சில், "அம்மா!" என்றேன்.

"எங்கடி தொலைஞ்ச? அந்தப் பொண்ணு என்ன மரியாதையாப் பேசுது! நீயும் இருக்கியே!"

மார்ச் 16

அந்தப் பொண்ணாம், மரியாதையாம். யாருடி அவ? எங்கம்மாகிட்ட நல்ல பேரு வாங்க அவ யாரு?

மார்ச் 22

மலை மாதிரி ஒரு லாரி ஓட்டுநர். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். அவரைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தாங்கவில்லை. அவர் பயத்தைப் பார்த்ததும் என் சொந்தப் பேச்சுதான் வந்தது. "ரங்?"

"இந்தப் பல்லுதாங்க," என்று வாயைத் திறந்து விரலால் காட்டினார். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார்.

அவர் போனபிறகு டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன்: "போன்ல உங்க பேச்சு, டாக்டர். நேர்ல என் பேச்சுதான். சரிப்படலைன்னா சொல்லிடுங்க, போயிடறேன்."

மாசக் கடைசியில் பார்க்கலாம் என்று கையைக் கழுவப் போய்விட்டார். என்ன ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 31

வேலை நிரந்தரம்! இரண்டு பேச்சோடும்!

பிற்பகல் ஒரு கல்லூரி மாணவி உதட்டைப் பிரிக்க மறுத்தாள். நான் எழுவதற்குள் உள்ளேயிருந்து, எங்கள் ஊர்க் கனத்த உச்சரிப்பில், "ரங்?" என்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாணவியின் வாய் திறந்திருந்தது. டாக்டர் துவான் என் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.